மோட்டாரைக் கூரைக்கு அனுப்பினால் குசினிச் சத்தம் போய்விடுமா?

செத்தல் மிளகாயும் மல்லியும் தாச்சியில் வறுபடுகிற நாளில் ரொறன்ரோ வீடொன்றில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் தும்மல், பிறகு புகை அலாரம், கடைசியில் மேல்மாடி அலுமாரியில் தொங்கும் குளிர்க்கோட்டு வரைக்கும் தூள் மணம். அடுப்புக்கு மேலே இருக்கிற மைக்ரோவேவின் விசிறி சத்தம் போடும், புகையை இழுக்காது. அதனால்தான் குசினியைத் திருத்திக் கட்டுகிறவர்கள் வெளிப்புளோவர் வைத்த ஹூட்டைத் தேடுகிறார்கள். இதில் அடுப்புக்கு மேல் இருப்பது ஃபில்டரும் விளக்கும் உள்ள வெறும் கூடு. காற்றை இழுக்கும் மோட்டார், அதாவது புளோவர், கூரையிலோ வெளிச்சுவரிலோ உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தகரக் குழாய் இணைக்கும்.

"மோட்டார் வெளியில், உள்ளுக்குச் சத்தமே வராது" என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஹூட்டின் சத்தம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: மோட்டாரும் அதோடு சுழலும் சக்கரமும், ஃபில்டர் இடுக்குகளுக்குள் காற்று நெருக்கிக்கொண்டு நுழையும் இரைச்சல், ஒடுங்கிய குழாயிலும் முறுக்கான வளைவிலும் காற்று மோதும் ஓசை. மோட்டாரை வெளியே வைத்தால் முதலாவது மட்டும் தள்ளிப்போகும். அதுவும் முழுக்கப் போகாது, ஏனென்றால் தகரக் குழாய் ஊதுகுழல் மாதிரி அந்த ஓசையைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுவரும். மற்ற இரண்டும் குழாயின் அகலத்தையும் காற்றின் வேகத்தையும் பொறுத்தவை. விலை கூடிய புளோவரை வாங்கிப் பழைய 6 அங்குலக் குழாயிலேயே பூட்டிவிட்டு "முந்தியதைவிடச் சத்தம்" என்று நொந்துகொள்கிற வீடுகளில் குற்றம் புளோவரில் இல்லை.

யாருக்கு இது பொருந்தும்

ஹூட்டுக்கும் புளோவருக்கும் இடையில் குறைந்தது 10, 12 அடி குழாய் ஓடி, அந்த ஓட்டத்தில் சத்தத்தை விழுங்கும் சைலன்சர் ஒன்று படுக்க இடமும் இருந்தால் வெளிப்புளோவருக்குக் காசு கொடுக்கலாம். அடுப்புக்குப் பின்னாலேயே வெளிச்சுவர், குழாய் மூன்றடிதான் என்றால் வேண்டாம். மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும், சைலன்சருக்கு இடமிருக்காது, உள்ளே மோட்டார் இருக்கிற நல்ல ஹூட்டை விட ஒரு லாபமும் வராது.

ஒருமாடி பங்களோவில் கூரைப் புளோவர் லேசான வேலை: குசினிக் கூரைத்தட்டு, அதற்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடமான அற்றிக், கூரை, அவ்வளவுதான். இருமாடி வீட்டில்தான் யோசிக்க வேண்டும். குசினிக்கு மேலே படுக்கையறை. ஒன்றில் அந்த அறையின் அலுமாரி மூலையில் ஒரு பெட்டி அடித்து அதற்குள்ளால் குழாயை மேலே ஏற்ற வேண்டும், அல்லது தளத்தின் மரச்சட்டங்களுக்கு நடுவே கிடையாகப் பின்சுவருக்கு ஓட்ட வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு கணக்கு எல்லாரையும் ஏமாற்றும். 2×10 என்று சொல்லும் சட்டத்தின் உண்மையான உயரம் 9¼ அங்குலம். அதற்குள் 8 அங்குல வட்டக் குழாய் போகும், 10 அங்குலம் போகாது. பழைய வீடுகளின் 2×8 சட்டம் 7¼ அங்குலம்தான், 8 அங்குலக் குழாயே போகாது. சட்டத்தின் போக்கிலேயேதான் குழாய் ஓடலாம். குறுக்கே ஓட்டுவதற்காகச் சட்டத்தை வெட்டினால் மேல்தளம் தொய்யும்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு, இன்லைன் புளோவர். மோட்டார் குழாயின் நடுவிலேயே, அற்றிக்குக்குள் தொங்கும். வெளியே வெறும் மூடி மட்டும். பனிக்காலத்தில் பழுது பார்க்கக் கூரையில் ஏறத் தேவையில்லை என்பதே இதன் பெரிய வசதி. ஆனால் அதிர்வு மரத்தில் ஏறாதபடி ரப்பர் போட்டுத் தொங்கவிட வேண்டும், கைபோகும் அளவுக்குக் கதவும் வைக்க வேண்டும். அற்றிக்கில் நிமிர்ந்து நடமாட இடமுள்ள வீட்டில் நான் கூரைப் புளோவரை விட இதைத்தான் சொல்வேன்.

காணி ஒடுங்கிய புறநகர் வீடுகளில் பக்கச்சுவரைத் தவிர்ப்பது நல்லது. பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டடி கூட இல்லை. கருவாட்டு மணத்தையும் மோட்டார் சத்தத்தையும் அயலவரின் ஜன்னலுக்கு நேரே ஊதினால் வரும் பிரச்சினைக்கு எந்த சைலன்சரும் உதவாது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதி வெளியேற்று வாய்க்கும் காணி எல்லைக்கும் 3 அடி, கட்டடத்தின் திறப்புகளுக்கு 3 அடி, காற்றை உள்ளிழுக்கும் இயந்திர வாய்களுக்கு 10 அடி என்று இடைவெளி கேட்கிறது. கனடாவில் உங்கள் நகரசபையின் கட்டடப் பிரிவிடம் கேட்டுவிட்டுச் சுவரில் கை வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும், வெளியேறும் காற்றின் சூட்டை மீட்டுப் புதுக்காற்றை உள்ளே விடும் எச்.ஆர்.வி.யும் காற்று இழுக்கும் வெள்ளைக் குழாய்கள் பெரும்பாலும் அதே பக்கச்சுவரில்தான் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றையும் பாருங்கள். கொண்டோக்காரர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை: வெளிச்சுவர் அவர்களுடையதல்ல.

கூடு பெரிதாக இருக்கட்டும்

புகையைப் பிடிப்பது மோட்டார் அல்ல, கூடு. சூடான காற்று மேலே போகப் போக விரியும். அந்த விரிவைத் தன் வாய்க்குள் வாங்குகிற அளவுக்கு ஹூட் அகலமாகவும் ஆழமாகவும் இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தும் ஓரத்தால் வழிந்துபோகும். 30 அங்குல அடுப்புக்கு 36 அங்குல ஹூட், அதாவது ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூட. ஆழம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 27 கிடைத்தால் இன்னும் நல்லது. 18, 20 அங்குல ஆழத்தில் வரும் அழகான கண்ணாடி ஹூட்டுகள் முன் அடுப்புகளை எட்டவே எட்டாது. நாங்கள் பெரிய தாச்சியை வைப்பது முன் அடுப்பில்தான். தூள் வறுப்பதையும் மீன் பொரிப்பதையும் பின் அடுப்புக்கு மாற்றினால் ஒரு சதமும் செலவில்லாமல் கூடுதலான புகை பிடிபடும்.

உயரம் அடுப்பு மேற்பரப்பிலிருந்து 24 முதல் 36 அங்குலம் வரை என்று தயாரிப்பாளர்கள் தருவார்கள். அடுப்பின் கையேடு, ஹூட்டின் கையேடு இரண்டையும் பார்த்து, கூடியதை எடுங்கள். 30 அங்குலம் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும். உயரமானவரின் தலை இடிக்கிறது என்று 36க்கு மேலே ஏற்றினால் அகலத்தையும் ஒரு படி ஏற்ற வேண்டும். ஃபில்டரில், வளைந்த தகடுகளை அடுக்கிச் செய்த பேஃபிள் வகையே எடுங்கள். வலை ஃபில்டர் மூன்று பொரியலில் அடைத்துக்கொள்ளும், அலுமினியமாக இருந்தால் பாத்திரம் கழுவும் மெஷினில் கறுத்தும் போகும்.

எவ்வளவு காற்று

காற்றின் அளவை நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று சொல்வார்கள், சுருக்கமாக சி.எஃப்.எம். வாயு அடுப்புக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: எல்லா அடுப்புகளின் பி.ரி.யு.வையும் (சூட்டை அளக்கும் அலகு) கூட்டி நூறால் பிரி. 60,000 பி.ரி.யு. அடுப்புக்கு 600 சி.எஃப்.எம். இன்னொரு வழி, ஹூட் வாயின் பரப்பை 90ஆல் பெருக்குவது. 36க்கு 24 அங்குல வாய் 6 சதுர அடி, 540 சி.எஃப்.எம். இரண்டும் நாலு அடுப்பும் ஒரே நேரத்தில் முழுத் தீயில் எரிவதாக வைத்துப் போட்ட கணக்கு. நாளாந்தச் சமையலுக்கு 250, 300 போதும். இண்டக்சன் அடுப்பென்றால் அடுப்பைச் சுற்றி எழும் சூடே குறைவு, 400க்கு மேல் யோசிக்கவே வேண்டாம். 1,200 சி.எஃப்.எம். புளோவர் விற்பனைக்கு இருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்கு அது தேவை என்பதற்குச் சாட்சியல்ல.

பெட்டியில் போட்டிருக்கும் எண் எதிர்ப்பே இல்லாமல், அல்லது மிகச் சிறிய எதிர்ப்பில் அளந்தது. உண்மையில் ஃபில்டரும் குழாயும் வளைவும் டாம்பர் மடலும் சேர்ந்து காற்றை மறிக்கும். 8 அங்குலக் குழாய் 20 அடி, இரண்டு வளைவு, பேஃபிள் ஃபில்டர், வெளிமூடி என்று வைத்தால் 600 சி.எஃப்.எம்.மில் அரை அங்குல உயர நீரின் அழுத்தம் அளவுக்கு எதிர்ப்பு வந்துவிடும். ஆகவே தயாரிப்பாளரின் அழுத்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அரை அங்குலத்தில் அது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். அந்த வரைபடம் தர மறுக்கும் புளோவரை வாங்காதீர்கள்.

குழாயில்தான் விஷயம்

600 சி.எஃப்.எம். காற்று 6 அங்குல வட்டக் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,060 அடி வேகத்தில் ஓடும். 8 அங்குலத்தில் 1,720. 10 அங்குலத்தில் 1,100. உராய்வு இன்னும் வேகமாக ஏறும்: 8ஐ 6 ஆக்கினால் நாலு மடங்குக்கு மேல், 10 ஆக்கினால் மூன்றில் ஒன்று. 3,000 அடி வேகத்தில் குழாய் விசிலடிக்கும். வீட்டுக்குள் 1,000க்கும் 1,700க்கும் இடையில் நின்றால் நிம்மதி. அதனால் 400 வரை 8 அங்குலம் தாராளம், 600க்கு 8 சமாளிக்கும், அதற்கு மேல் 10. வீடு கட்டியவர் மைக்ரோவேவுக்காக விட்டுப்போன சப்பைக் குழாய் 3¼க்கு 10 அங்குலமாக இருக்கும். அதன் பரப்பு 32.5 சதுர அங்குலம், 6 அங்குல வட்டத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. சுவரை உடைக்க மனமில்லாமல் அதிலேயே 900 சி.எஃப்.எம். புளோவரைப் பொருத்துவது பானை நீரை ஸ்ட்ரோ வைத்து இறைப்பது மாதிரி.

குழாய் கல்வனைஸ் தகரம், உட்புறம் வழுவழுப்பாக. தடிப்பு 26 கேஜ் போதும். மடியும் ஃபொயில் குழாய் எங்கேயும் கூடாது: மடிப்பில் எண்ணெய் தேங்கும், தீப்பிடித்தால் முதலில் போவது அதுதான். நெளிந்து திரும்பும் இடத்தில் வளைவு பெரிதாக இருக்க வேண்டும், கூர்மூலை வேண்டாம். ஒவ்வொரு 8 அங்குல வளைவையும் 10 முதல் 15 அடி நேர்க்குழாய்க்குச் சமமாகக் கணக்கெடுங்கள். இரண்டு வளைவை அடுத்தடுத்து ஒட்டி வைக்காமல் இடையில் இரண்டடியாவது நேராக விடுங்கள். ஹூட்டின் கழுத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் அப்படித்தான்.

பொருத்துகளில் ஒரு பக்கம் சுருக்கி நெளித்திருக்கும். அந்தச் சுருங்கிய முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நிமிர்ந்த குழாயில் இதற்கு ஒரு விலை உண்டு: மேலிருந்து கீழே வழியும் எண்ணெய் பொருத்துக்கு வந்ததும் சுருங்கிய முனையின் வெளிப்பக்கமாகப் போய்க் கசியப் பார்க்கும். கூரைத்தட்டில் மஞ்சள் வட்டம் விழுவது பல வேளை இதனால்தான். ஆகவே ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று சிறிய தகர ஸ்க்ரூ, அதன் மேல் டக்ட் மாஸ்டிக் பசை அல்லது அசல் ஃபொயில் டேப் சுற்றுமுழுக்க. சாம்பல்நிறத் துணி டேப்பின் பெயர் டக்ட் டேப் என்பதால் அதை டக்டுக்கு ஒட்டாதீர்கள், சூட்டில் ஒரு வருடத்தில் கழன்று தொங்கும்.

சைலன்சர் என்பது உள்ளே துளைத்தகரமும் அதைச் சுற்றிப் பஞ்சும் உள்ள தடித்த குழாய். 8 அங்குலக் குழாய்க்கு வெளிவிட்டம் ஏறக்குறைய 12 அங்குலம் வரும், நீளம் இரண்டு முதல் மூன்று அடி. அதனால்தான் இடத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். ஹூட்டுக்கும் புளோவருக்கும் இடையில்தான் அது இருக்க வேண்டும். 2×10 சட்டத்துக்குள் நுழையாது. அற்றிக்கிலோ மேல்மாடிப் பெட்டிக்குள்ளோ வைக்கலாம். இடமில்லை என்றால் அடுத்த வழி, கொஞ்சம் பெரிய புளோவரை மெதுவாக ஓட்டுவது. சக்கரத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவில் இறங்கும்.

டாம்பர் காற்றைத் திரும்பி வரவிடாத மடல். மார்கழி, தை மாதங்களில் ஒன்ராறியோவில் ஒரே ஒரு மடல் போதாது. வெளி மூடியில் ஒன்று, வீட்டின் காப்புப்பஞ்சு எல்லைக்கு உள்ளே இன்னொன்று, ஸ்ப்ரிங்கும் ரப்பர் விளிம்பும் உள்ளதாக. இல்லாவிட்டால் அடுப்படியில் நிற்பவரின் தலையில் பனிக்காற்று இறங்கும். அற்றிக்குக்குள்ளால் போகும் குழாய் முழுவதையும் காப்புத்திறன் ஆர்-8க்குக் குறையாத காப்புப்பஞ்சால் சுற்றுங்கள். சுற்றாத குழாயில் சோறு வடிக்கும் ஆவி குளிர்ந்து நீராகி ஹூட்டுக்குள் சொட்டும். கூரை கசிகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

போகிற காற்றுக்கு வருகிற காற்று

எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 600 சி.எஃப்.எம். வெளியே போனால் 600 எங்கிருந்தாவது உள்ளே வரும். நவீன வீடு இறுக்கமானது. வேறு வழி இல்லாவிட்டால் அந்தக் காற்று பேஸ்மன்டில் இருக்கும் தண்ணீர் சூடாக்கியின் புகைக்குழாய் வழியாக இறங்கும், கார்பன் மொனொக்சைட்டையும் இழுத்துக்கொண்டு. இயற்கையாக மேலெழும் சூட்டை நம்பிப் புகையை வெளியேற்றும் பழைய வகைச் சூடாக்கி, விறகு எரிக்கும் கணப்பு, இவை இரண்டும் மிகவும் பயப்பட வேண்டியவை. வீட்டின் உள்ளழுத்தம் வெளியை விட 5 பாஸ்கல் தாழ்ந்தாலே அவற்றின் புகை திரும்பலாம் என்பது இந்தத் துறையில் கையாளும் எல்லை. 5 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான். இப்படிப்பட்ட சூடாக்கியோ கணப்போ உள்ள வீட்டில் அமெரிக்க வீட்டு விதி 400 சி.எஃப்.எம். தாண்டிய ஹூட்டுக்குத் தானாகத் திறக்கும் உள்வழி கேட்பதும் இதனால்தான். மேக்அப் ஏர் என்று இங்கே சொல்வது இந்த உள்வரும் காற்றைத்தான்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் சரி" என்பார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு சதுர அடித் திறப்பு மட்டும் வழியாக 600 சி.எஃப்.எம். நுழைய ஏறக்குறைய 15 பாஸ்கல் வேண்டும். இரண்டு சதுர அடி திறந்தால் 4 பாஸ்கல். வீட்டின் மற்ற இடுக்குகள் இதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் விரல் நுழையும் இடுக்கு ஒன்றும் செய்யாது. சுவரில் 8 அங்குலத் துளை போட்டு மடல் வைத்துவிட்டால் முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. 5 பாஸ்கலில் அந்தத் துளைக்குள்ளால் வருவது 120 சி.எஃப்.எம். அளவுதான். 600க்கு விசிறி வைத்துத் தள்ளும் ஏற்பாடு வேண்டும், அது ஹூட்டோடு சேர்ந்து தானாக ஓட வேண்டும், வடிகட்டியும் வேண்டும்.

அந்தக் காற்றைச் சூடாக்கவும் வேண்டும். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 பாகை என்றால் 600 சி.எஃப்.எம். காற்றைச் சூடாக்க 10 கிலோவாட்டுக்கு மேல் தேவை. 240 வோல்ட்டில் 40 ஆம்பியர் தாண்டும். 100 ஆம்பியர் பெட்டி உள்ள பழைய வீட்டில் அதற்கு இடமே இருக்காது. அறைக் காற்றை ஃபர்னஸுக்குத் திரும்பக் கொண்டுவரும் திரும்புகுழாயில் சேர்க்கலாம்தான், ஆனால் ஃபர்னஸ் கையேடு குறைந்தபட்ச உள்வரும் வெப்பம் ஒன்றைச் சொல்லியிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் வெப்பமாற்றியில் நீர் பூத்துத் துருப்பிடிக்கும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: பெரிய கூடு, 8 அங்குலக் குழாய், உண்மையில் 300 முதல் 400 இழுக்கும் புளோவர். அநேகமான தமிழ் வீட்டுக்கு இதுதான் அளவு. தூள் வறுக்கும் நாளில் இரண்டு ஜன்னலை அகலத் திறந்துவிடலாம், அது வருடத்தில் சில நாள்தானே. எச்.ஆர்.வி. குழாயில் ஹூட்டை இணைப்பதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். அதன் உள்ளகம் எண்ணெயில் அடைத்துக்கொள்ளும்.

கம்பியும் கட்டுப்பாடும்

ஹூட் ஒரு கம்பெனி, புளோவர் இன்னொரு கம்பெனி என்று வாங்கிச் சிக்குகிறவர்கள் அதிகம். ஹூட்டின் சுவிட்ச்தான் வெளியே இருக்கும் மோட்டாரின் வேகத்தை மாற்ற வேண்டும். சில மோட்டார்கள் மின்னழுத்தத்தை நறுக்கும் டிம்மர் வகைக் கட்டுப்பாட்டில் ஓடும், இ.சி.எம். எனும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மோட்டார்கள் 0 முதல் 10 வோல்ட் சைகை கேட்கும். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் மோட்டார் முனகும், சூடேறும், ஒரே வேகத்தில் ஓடும், கட்டுப்பாட்டுப் பலகை எரியும். ஹூட்டின் கையேட்டில் "இந்த மாதிரிப் புளோவர்களுக்கு" என்று ஒரு பட்டியல் இருக்கும், அதற்குள் நில்லுங்கள். டிம்மர் வகையில் மிகக் குறைந்த வேகத்துக்கு ஓர் அடிமட்டம் வைக்க வேண்டும்: அதற்குக் கீழே மோட்டார் ரீங்காரம் போடும், வெளியே காற்றடிக்கும் நாளில் மடலைத் தள்ளித் திறக்கவும் வலு இருக்காது.

புளோவருக்குப் பக்கத்திலேயே கையால் அணைக்கும் சுவிட்ச் ஒன்று வேண்டும். கூரையில் சக்கரத்துக்குள் கைவிட்டுக் கழுவுகிறவருக்குக் கீழே யாரோ ஹூட்டைப் போட்டுவிட்டால் விரல் போய்விடும். சைகைக் கம்பியையும் 120 வோல்ட் கம்பியையும் ஒரே குழாய்க்குள் இழுக்காதீர்கள். சுவரை மூடுமுன் ஒரு வெற்றுக் குழாயை விட்டுவைத்தால் பின்னால் மோட்டார் மாற்றும்போது நன்றி சொல்வீர்கள். ஒன்ராறியோவில் மின்வேலையை மின்பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். ஆள் பிடித்தால் உரிமம் உள்ள ஒப்பந்தக்காரராகப் பிடியுங்கள். வாயுக் குழாயை நகர்த்துவதென்றால் அதற்குத் தனிச் சான்றிதழ் உள்ளவர்.

பூட்டும் ஒழுங்கு

வெளியிலிருந்து உள்ளே வராமல், ஹூட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். அடுப்பின் நடுக்கோட்டைச் சுவரில் வரைந்து, அடுப்பு மேற்பரப்பு 36 அங்குலம், அதற்கு மேல் 30, ஆக நிலத்திலிருந்து 66 அங்குலத்தில் ஹூட்டின் கீழ்விளிம்பு. நிலமென்றால் ஓடு ஒட்டிய பிறகு வரும் நிலம். வெறும் பலகை மேல் அளந்துவிட்டு ஓடு ஒட்டினால் ஹூட் கீழே வந்த மாதிரி ஆகிவிடும். ஜிப்சம் பலகை ஹூட்டின் எடையைத் தாங்காது. சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே 2×8 கட்டையோ ¾ அங்குலப் பிளைவுட்டோ அடித்து, அதில்தான் ஸ்க்ரூ ஏற வேண்டும்.

கழுத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு பிடித்துக் கூரைத்தட்டில் புள்ளி வையுங்கள். பெரிய ஓட்டை வெட்டுமுன் ஒரு சிறு துளை போட்டு நீளக் கம்பியைச் செருகி, அற்றிக்கில் அது எங்கே தலைகாட்டுகிறது என்று போய்ப் பாருங்கள். சட்டத்தின் மேலேயே வந்திருந்தால் இரண்டு அங்குலம் தள்ளலாம், அல்லது நேர்க்குழாய்க்குப் பதில் இரண்டு அரைவளைவு போடலாம். கூரைத் தாங்கு சட்டகத்தின் எந்தக் கட்டையையும் வெட்டக் கூடாது. 1990க்கு முந்திய வீட்டின் அற்றிக்கில் மினுங்கும் கூழாங்கல் மாதிரிப் பஞ்சு கிடந்தால் அதைக் கிளறவே வேண்டாம். அது வெர்மிகுலைட், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். சோதித்த பிறகுதான் மேற்கொண்டு வேலை.

கூரைத்தட்டைக் குழாய் துளைக்கும் இடத்தில் பொலித்தீன் ஆவித்தடையை நட்சத்திரமாக வெட்டிக் குழாயோடு மடித்து, கறுப்பு அக்கூஸ்டிக் சீலன்டால் ஒட்டுங்கள். குழாயைச் சுற்றிக் கால் அங்குல இடுக்கு விட்டாலும் குளிர்காலம் முழுக்கக் குசினியின் ஈரம் அற்றிக்கில் ஏறிப் பனியாய்ப் படிந்து, பங்குனியில் உருகி, பூஞ்சணம் பிடிக்கும்.

கூரைப் புளோவரின் தகட்டில் மேற்பாதி ஷிங்கிளுக்கு அடியிலும் கீழ்ப்பாதி ஷிங்கிளுக்கு மேலும் வர வேண்டும். சீலன்டை மட்டும் நம்பி நாலு பக்கமும் மேலே ஒட்டினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. முகட்டுக்குக் கிட்ட வைத்தால் சறுக்கி வரும் பனி குறைவாக மோதும். செங்கல் சுவரென்றால் வட்டம் வரைந்து அதன் வழியே சிறு துளைகளை நெருக்கிப் போட்டு உளியால் எடுக்கலாம். வாடகைக்கு வைரக் கோர் கட்டர் எடுத்தால் வேலை சுத்தம். துளையை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்துப் போடுங்கள், மழைநீர் உள்ளே வராது. வெளி வாயில் பூச்சி வலை கூடாது, ஒரு மாதத்தில் எண்ணெய்த் தும்பு அடைத்துவிடும். குருவி நுழையாத அரை அங்குலக் கம்பி வலை போதும்.

எல்லாம் பூட்டி, சுவரை மூடுமுன் ஓட்டிப் பாருங்கள். ஹூட் வாயின் நாலு மூலையிலும் ஊதுபத்தி பிடித்தால் புகை உள்ளே வளைய வேண்டும். முன்விளிம்பில் வளையாவிட்டால் குறைந்த வேகம் போதவில்லை, அல்லது கூரைத்தட்டிலுள்ள ஏசி வாய் அடுப்பின் மேல் ஊதுகிறது. ஹூட் படபடவென்று அடித்தால் மடலின் ஸ்ப்ரிங் பலவீனம். ஒவ்வொரு வாரமும் சத்தம் கூடிக்கொண்டு போனால் சக்கரத்தின் ஒரு பக்கம் எண்ணெய் படிந்து சமநிலை போயிருக்கிறது. அதிகம் பொரிக்கும் வீட்டில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், சக்கரத்தை வருடத்துக்கு ஒருமுறை, குளிருக்கு முந்திய புரட்டாதியிலும் கழுவுங்கள்.

அதே ஊதுபத்தியோடு பேஸ்மன்டுக்கும் இறங்குங்கள். எல்லா ஜன்னலும் கதவும் பூட்டு, உடுப்புக் காயவைக்கும் மெஷினையும் குளியலறை விசிறிகளையும் போடு, ஹூட்டை உச்ச வேகத்தில் விடு, பிறகு தண்ணீர் சூடாக்கியைப் பற்றவை. ஐந்து நிமிடம் கழித்து அதன் தலையில் உள்ள மூடியின் இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை குழாய்க்குள் ஏறினால் சரி. வெளியே, உங்கள் முகத்துக்கு வந்தால் ஹூட்டை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, மேக்அப் ஏர் ஏற்பாடு முடியும்வரை அந்த உச்ச வேகத்தைப் பயன்படுத்தாதீர்கள். கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பட்டனையும் அன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.